குரலால் இணையம் உலாவுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

மணிக்கட்டு வலியோ, எலும்பு முறிவோ, பிறவியிலிருந்தே கைகளை அசைப்பதில் சிரமமோ, எதுவாக இருந்தாலும் கையால் தொடாமல் குரலாலேயே இணையத்தைப் பயன்படுத்த இப்போது தனியாக மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. விண்டோஸ் 11-இல் வாய்ஸ் ஆக்சஸ், ஐபோனிலும் மேக்கிலும் 2019 முதல் வாய்ஸ் கன்ட்ரோல், ஆண்ட்ராய்டில் அதே வாய்ஸ் ஆக்சஸ் என்ற பெயரில் கூகுளின் செயலி என எல்லாமே இலவசம். இருந்தும் பலர் சில நாளிலேயே கைவிட்டுவிடுகிறார்கள். "என் உச்சரிப்பு அதற்குப் புரியவில்லை" என்பதுதான் அவர்கள் சொல்லும் காரணம். பெரும்பாலும் கோளாறு உச்சரிப்பில் இல்லை.

குரல் தட்டச்சையும் குரல் கட்டுப்பாட்டையும் ஒன்றென்று நினைப்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். கைபேசி விசைப்பலகையில் இருக்கும் மைக் சொன்னதை எழுதும், அவ்வளவுதான். இணைப்பைத் திறக்காது, பக்கத்தை நகர்த்தாது. அதற்கு அணுகல்தன்மை (ஆக்சசிபிலிட்டி) அமைப்புகளுக்குள் போய் மேலே சொன்ன வசதியை இயக்க வேண்டும். தட்டச்சு தமிழில் நன்றாக வருகிறது என்பதற்காகக் கட்டளையும் தமிழில் எடுபடும் என்று எதிர்பார்க்காதீர்கள். மொழிப் பட்டியலை முதலில் பாருங்கள்.

அடுத்தது, புரியவில்லை என்றதும் ஒவ்வொரு சொல்லாகப் பிய்த்துப் பிய்த்துச் சொல்வது. இந்த மென்பொருள்கள் அக்கம்பக்கத்துச் சொற்களையும் சேர்த்துப் பார்த்துத்தான் ஊகிக்கின்றன. "ஸ்க்ரோல்" என்று சொல்லிவிட்டு மூச்சு வாங்கி "டவுன்" என்றால் அது இரண்டு தனிக் கட்டளையாகிவிடும். கட்டளைக்கு முன்னும் பின்னும் சற்று நிறுத்துங்கள். நடுவில் நிறுத்தாதீர்கள்.

பட்டனில் தெரியும் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சலித்துப்போகிறவர்களும் உண்டு. திரையில் "தேடு" என்று தெரியும் பட்டனுக்கு, பக்கத்தை எழுதியவர் உள்ளே வேறு பெயர் கொடுத்திருக்கலாம். மென்பொருள் உள்ளே இருக்கும் பெயரைத்தான் பார்க்கும். கண்ணுக்குத் தெரியும் பெயர் உள்பெயரிலும் இருக்க வேண்டும் என்று 2018-இல் வெளியான வலை அணுகல்தன்மை விதி (டபிள்யூசிஏஜி 2.1) சொல்கிறது. பல தளங்கள் இதைக் கண்டுகொள்வதில்லை என்பது வருத்தம்தான். ஆகவே இரண்டு முறை சொல்லியும் நடக்கவில்லை என்றால் "ஷோ நம்பர்ஸ்" என்று சொல்லுங்கள். சொடுக்கக்கூடிய ஒவ்வொன்றின் மேலும் ஓர் எண் வரும், அந்த எண்ணைச் சொன்னால் போதும். பெயரே இல்லாத ஐகான்களுக்கும் இதுதான் வழி. எண்ணும் விழாத இடத்துக்கு "ஷோ கிரிட்". விண்டோஸில் திரை ஒன்பது கட்டங்களாகப் பிரியும். கட்டத்தின் எண்ணைச் சொன்னால் அது மறுபடி ஒன்பதாகும், வேண்டிய இடம் சிக்கும்வரை இப்படியே போகலாம்.

சில தளங்களில் ஒற்றை எழுத்தே குறுக்குவிசை. யூடியூபில் எம் அழுத்தினால் ஒலி நிற்கும், எஃப் அழுத்தினால் முழுத்திரை, கே அழுத்தினால் காணொளி நிற்கும். கருத்துப் பெட்டிக்குள் கர்சர் இல்லாதபோது நீங்கள் பேசும் வாக்கியம் எழுத்தெழுத்தாகப் பக்கத்தில் விழுந்தால், ஏதேதோ நடக்கும். பெட்டியைச் சொடுக்கி, கர்சர் துடிப்பதைப் பார்த்த பிறகே எழுதச் சொல்லுங்கள். வெறுமனே படித்துக்கொண்டிருக்கும்போது, சொன்னதை எழுதாமல் கட்டளையை மட்டும் கேட்கும் "கமாண்ட் மோட்"-க்கு மாறிவிடுங்கள். அந்தக் குறுக்குவிசைகளை நிறுத்தும் வசதி தளத்தில் இருந்தால் நிறுத்திவிடுவது இன்னும் நல்லது.

மைக் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். மடிக்கணினியின் மைக் மின்விசிறிச் சத்தத்தையும் சேர்த்து வாங்கும். ஹெட்செட் மைக் வாயோரமாக, மூச்சுக்காற்று நேராகப் படாதபடி இருக்கட்டும். காணொளி ஸ்பீக்கரில் ஓடினால் அதிலிருப்பவர் பேசுவதும் கட்டளையாகலாம். யாராவது உங்களிடம் பேச வந்தால் மைக்கைத் தூங்கவைத்துவிட்டுப் பேசுங்கள். அப்புறம், கடவுச்சொல்லை வாய்விட்டுச் சொல்லாதீர்கள், கடவுச்சொல் மேலாளரோ முக அடையாளமோ இருக்கட்டும்.

கைக்கு ஓய்வு கொடுக்கப் போய்த் தொண்டையைக் கெடுத்துக்கொள்வது பலர் யோசிக்காத ஆபத்து. ஒரே தொனியில், சற்று உரக்க, மணிக்கணக்கில் பேசினால் குரல் கம்மும். சாதாரணக் குரலே போதும். இடையிடையே தண்ணீர் குடியுங்கள், பேசாமல் படிப்பதற்கும் நேரம் ஒதுக்குங்கள். கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.