வினைல் தரையை டைல்ஸ் என்று நினைத்துக் கழுவாதீர்கள்

வேலூரில் மாடி வீட்டை வாடகைக்கு விடுபவர்கள் பழைய மொசைக்கையோ டைல்ஸையோ உடைக்காமல் அதன் மேலேயே வினைல் (பி.வி.சி. பிளாஸ்டிக்) பலகை போட்டுவிடுவது இப்போது சகஜம். உடைப்பு இல்லை, தூசி இல்லை, ஓர் அறை ஒரே நாளில் முடிந்துவிடும். போடுவதில் பெரிய சிக்கல் வருவதில்லை. போட்ட ஆறு மாதத்துக்குள் மூட்டு மூட்டாக எழும்பி நிற்கும் தரைகள்தான் சிக்கல். அவற்றைப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: ரெட் ஆக்சைடு தரைக்கும் டைல்ஸுக்கும் பழகிய கை, அதே பழக்கத்தை வினைலிலும் காட்டியிருக்கும். இந்த வேலையில் இருப்பவர்களும் ஆரம்பத்தில் இதே தவறுகளைச் செய்துதான் கற்றார்கள்.

கத்தி விழுந்தால் கீறும், ஆணி வைத்த செருப்பு ஆகாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுவோம்.

முதலில் உங்கள் தரை எது என்று பாருங்கள்

பசை போட்டு ஒட்டும் பலகை 2 முதல் 3 மி.மீ. தடிமன் இருக்கும். ஒன்றோடு ஒன்று கொக்கி போட்டு மாட்டும் கிளிக் பலகை 4 முதல் 6 மி.மீ. இந்தக் கிளிக் வகையில் பரவலாக வருவது எஸ்.பி.சி.; அதன் நடுப்பகுதி சுண்ணாம்புக்கல் தூளும் பி.வி.சி.யும் கலந்தது. இரண்டிலும் மரம் போலத் தெரிவது அச்சடித்த ஒரு தாள்தான். அதைக் காப்பது மேலே உள்ள கண்ணாடி போன்ற படலம். அது 0.3 மி.மீ. அல்லது 0.5 மி.மீ. என்று பெட்டியில் போட்டிருக்கும். ஆள் நடமாட்டம் அதிகமுள்ள ஹாலுக்கு 0.5 வாங்குங்கள். மொசைக் மங்கினால் மெஷின் வைத்துத் தேய்த்து மீட்டுவிடலாம். இந்தப் படலம் தேய்ந்துபோனால் மீட்க வழியில்லை.

தண்ணீர் ஊற்றிக் கழுவுவது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பது இது. பார்க்கும்போது இன்றும் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் முழுக்க முழுக்கத் தவிர்க்கக்கூடிய செலவு இது.

கடையில் ஒரு துண்டுப் பலகையை வாளித் தண்ணீரில் போட்டுக் காட்டுவார்கள். ஊறாது, உப்பாது. அது உண்மைதான். ஆனால் அந்தச் சோதனை நிரூபிப்பது அந்தத் துண்டைப் பற்றி மட்டும். வீட்டில் இருப்பது நூற்றுக்கணக்கான மூட்டுகளும், சுவரோரம் ஸ்கர்ட்டிங்குக்கு அடியில் 8 முதல் 10 மி.மீ. இடைவெளியும் உள்ள தரை. பலகைக்குள் தண்ணீர் புகாது. பலகைக்கு அடியில் நன்றாகவே புகும்.

வழக்கமாக நடப்பது இப்படி. போகிக்கு முந்தின நாள் வீட்டை அலசுகிறார்கள். நாலைந்து பக்கெட் தண்ணீர் ஊற்றி, துடைப்பத்தால் தேய்த்து, வைப்பரால் வாசலுக்குத் தள்ளுகிறார்கள். மேலே பளிச்சென்று காய்ந்துவிடும். சுவரோரம் இறங்கிய தண்ணீர் அடியில் உள்ள ஃபோம் ஷீட்டில் தங்கிவிடும். வினைல் ஆவியை வெளியே விடாது, அதனால் அந்த ஈரம் வாரக்கணக்கில் காயாது. முதலில் அறையைப் பூட்டித் திறந்தால் ஒரு புழுங்கல் வாடை வரும். பிறகு சுவரோரப் பலகையை மிதித்தால் சளக்கென்று ஒரு சத்தம். கழற்றிப் பார்த்தால் அடியில் கறுப்புப் பூஞ்சை படர்ந்திருக்கும்.

நம் ஊர் போர் தண்ணீர் இதை இன்னும் மோசமாக்குகிறது. வாளியிலும் குழாயிலும் படிகிற அதே வெள்ளை உப்பு, கிளிக் பலகையில் கொக்கி உட்காரும் பள்ளமான காடிக்குள்ளும் படிகிறது. ஒவ்வொரு முறை கழுவும்போதும் ஒரு மெல்லிய அடுக்கு சேரும். காடிக்குள் உப்பு கட்டிவிட்டால் கொக்கி முழுதாக உட்காராது. மூட்டு லேசாக மேலே நிற்கும், நடக்கும்போது டக் டக் என்று அடிக்கும். கடைசியில் கொக்கியே உடைந்துவிடும். ஒட்டும் வகையில் வேறு விதமான சேதம். தண்ணீர் கலந்து செய்த பசைகள் தொடர்ந்த ஈரத்தில் இளகும். பலகையின் ஓரம் எழும்பி, அந்தப் பிசுபிசுப்பில் மண் ஒட்டி, மூட்டெல்லாம் கறுப்புக் கோடாகும்.

சரிசெய்வதும் சுலபமில்லை. கிளிக் தரையில் நடுவில் ஒரு பலகை கெட்டால், பக்கத்துச் சுவரிலிருந்து வரிசை வரிசையாகக் கழற்றிக்கொண்டு வரவேண்டும். அதே பேட்ச் கடையில் இல்லையென்றால் நிறமும் பொருந்தாது.

சரியான முறை இதுதான். பூந்துடைப்பத்தால் மண்ணை முழுதாகப் பெருக்குங்கள், தென்னந்துடைப்பம் வேண்டாம். மணல் இருக்கும்போதே ஈர மாப் போட்டால் அது உப்புத்தாள் போலத் தேய்க்கும். 5 லிட்டர் தண்ணீரில் அரை டீஸ்பூன் பாத்திரம் கழுவும் லிக்விட் போதும்; அதிகம் போட்டால் பிசுக்கு தங்கி மேலும் அழுக்கைப் பிடிக்கும். மைக்ரோஃபைபர் மாப்பைச் சொட்டுச் சொட்டாமல் பிழியுங்கள். துடைத்த இடம் ஃபேன் காற்றில் ஓரிரு நிமிடத்தில் காயவேண்டும். அதற்கு மேல் ஈரமாக இருந்தால் நீங்கள் துடைக்கவில்லை, கழுவுகிறீர்கள். இரண்டாவது வாளியில் வெறும் தண்ணீர் வைத்து மாப்பை அலசுங்கள். அதற்குக் காவிரிக் குழாய்த் தண்ணீர் கிடைத்தால் அதையே எடுங்கள். ஏற்கெனவே வெண்படலம் படிந்திருந்தால், 4 லிட்டர் தண்ணீரில் அரை கப் வெள்ளை வினிகர் கலந்து ஒருமுறை துடைத்து, பின் வெறும் தண்ணீரில் துடையுங்கள். இதை வாராவாரம் செய்யக்கூடாது. மேல் பூச்சின் பளபளப்பு போய்விடும்.

ஏர் கூலர் வழிந்தோ, வாஷிங் மெஷின் குழாய் கழன்றோ தண்ணீர் பெருகிவிட்டால், மேலே துடைத்ததோடு நிற்காதீர்கள். அந்தப் பக்கச் சுவரின் ஸ்கர்ட்டிங்கைக் கழற்றி, முதல் இரண்டு மூன்று வரிசையைத் தூக்கி, ஃபோமையும் எடுத்து, இரண்டு மூன்று நாள் டேபிள் ஃபேன் வையுங்கள். ஈரம் இருக்கும்போதே ஓரத்தில் சிலிக்கான் அடிப்பது தண்ணீரை உள்ளே பூட்டி வைப்பதுதான். பாத்ரூம் வாசலிலும் சிங்க் பக்கத்திலும் சிலிக்கான் தேவை. ஆனால் தரை போடும்போதே, உலர்ந்த நிலையில், இடைவெளியில் ஃபோம் கயிறு வைத்து அதன் மேல் அடிக்கவேண்டும்.

கீழ்த்தளமாக இருந்தால் தண்ணீர் கீழிருந்தும் வரும். பலகை போடுமுன் இரண்டடிச் சதுர பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டுத் தரையில் ஒட்டி 24 மணி நேரம் விடுங்கள். அடியில் நீர் முத்துக்கள் தெரிந்தால் போடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் செய்யும் சோதனைதான் நம்பத்தக்கது. சித்திரையில் எந்தத் தரையும் காய்ந்ததாகத்தான் காட்டும்.

ஆசிட், பிளீச்சிங் பவுடர், பினாயில்

மூன்றும் வேண்டாம். ஆசிட் மூட்டு வழியாக இறங்கி எஸ்.பி.சி.யின் சுண்ணாம்புக்கல்லையே அரிக்கும்.

ரப்பர் அடிப்பாகம் உள்ள மிதியடி

ரப்பரில் கலந்துள்ள ரசாயனங்கள் மெல்ல வினைலுக்குள் இறங்கி மஞ்சள் அல்லது பழுப்புக் கறையாகும். அது மேலே ஒட்டிய அழுக்கு இல்லை, பலகைக்குள்ளேயே ஊறியது. எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. தேங்காய் நார் மிதியடியையும் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். பலவற்றுக்கு அடியில் ரப்பர் அல்லது பி.வி.சி. பூச்சு உண்டு. நெய்த பருத்தி மிதியடி போதும். வழுக்கினால் வினைலுக்கென்றே விற்கும் வலையைக் கீழே போடுங்கள்.

இரவில் வண்டியை ஹாலுக்குள் ஏற்றி நிறுத்துகிற வீடுகளில் டயர் நிற்கும் இடத்தில் இதே கறை வரும். ஒரு பிளைவுட் பலகை போட்டு அதன் மேல் நிறுத்துங்கள். ஃப்ரிட்ஜ், கிரைண்டரின் ரப்பர் கால்களுக்கும் அடியில் ஏதாவது கொடுங்கள்; கட்டில், நாற்காலிக் கால்களுக்கு ஃபெல்ட் ஒட்டுங்கள்.

கத்திரி வெயிலை மறப்பது

மே மாதம் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதில்லை. மேற்குப் பார்த்த பால்கனிக் கண்ணாடிக் கதவுக்கு நேரே உள்ள தரை அறையைவிட அதிகமாகச் சூடாகும். கிளிக் தரை சூட்டில் விரியும். சுவரோர இடைவெளி அதற்காகத்தான். அதை சிமென்ட் வைத்து அடைப்பது, ஸ்கர்ட்டிங் ஆணியைப் பலகையோடு சேர்த்து அடிப்பது, அறையின் இரு முனையிலும் இரும்பு பீரோவை நிறுத்தித் தரையை அமுக்கிப் பிடிப்பது ஆகிய மூன்றுமே தரையை நடுவில் கூடாரம் போலத் தூக்கும். கதவு நிலை, தூண் ஓரங்களிலும் அதே இடைவெளி வேண்டும். அங்கேதான் பலர் மறக்கிறார்கள். மதியம் 12 முதல் 5 மணி வரை திரையை இழுத்துவிடுங்கள்.

மொட்டைமாடி ஷெட்டில் வைத்திருந்த பெட்டிகளை இறக்கி உடனே மாட்டினால் நேர்மாறாக நடக்கும். சூட்டில் விரிந்த நிலையில் மாட்டிய பலகை மார்கழிக் காலையில் சுருங்கி, முனை மூட்டுகளில் சந்து விடும். போடப்போகும் அறையிலேயே 48 மணி நேரம் படுக்கை வாட்டில் வைத்திருங்கள்.

கேஸ் சிலிண்டரை உருட்டுவது

14.2 கிலோ கேஸும் இரும்பும் சேர்ந்து கிட்டத்தட்ட 30 கிலோ. அடி வளையம் ஓர் இழுப்பில் படலத்தைக் கிழித்துவிடும். தூக்கி வைக்கச் சொல்லுங்கள், சக்கரத் தட்டில் நிறுத்துங்கள்.

பூஜை இடம்

கற்பூரத் தட்டும் சாம்பிராணிக் கரண்டியும் நேரடியாகத் தரையில் படக்கூடாது. வினைல் இளகிக் கருகும். மர மணை போட்டு அதன் மேல் வையுங்கள். கல்மாவுக் கோலமும் மணையிலேயே இருக்கட்டும், காலில் பட்டால் அது மணல்தான். குங்குமம், மஞ்சள் சிந்தினால் உடனே துடையுங்கள். மஞ்சள் பிடித்துவிட்டால் ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டு ஒற்றி எடுங்கள். மிச்சம் இருக்கும் லேசான சாயல் வெளிச்சம் பட்டு நாளடைவில் தானே மங்கும்.

வாக்ஸ், பாலிஷ்

தேவையில்லை.

மிச்சப் பலகையைத் தூக்கிப் போடுவது

குறைந்தது ஒரு பெட்டி எடுத்துவையுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் வளைந்துவிடும். கட்டிலுக்கடியில் தட்டையாக வையுங்கள். பேட்ச் எண் உள்ள அட்டையைக் கிழித்து உள்ளேயே போட்டுவிடுங்கள். வாடகை வீடாக இருந்தால், அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது, தரையைக் கழுவக்கூடாது ஆகிய இரண்டையும் குடிவருபவரிடம் சாவி கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.