ஹெடி லமார் பத்தி வீடியோ போடப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

வருஷா வருஷம் நவம்பர் 9 ஆச்சுன்னா "வைஃபை கண்டுபிடிச்ச ஹாலிவுட் நடிகை"ன்னு ஒரு ஃபார்வர்ட் கிளம்பிடும். ஹெடி லமார் பிறந்தநாள் அன்னிக்கு, 1914ல வியன்னாவுல ஒரு யூதக் குடும்பத்துல பிறந்தவங்க, நிஜப் பேரு ஹெட்விக் கீஸ்லர். அந்த ஃபார்வர்ட்ல வைஃபை மட்டும் இருக்காது, ஹிட்லருக்கு விருந்து வச்சாங்க, வேலைக்காரிக்கு மயக்க மருந்து குடுத்துட்டு தப்பிச்சாங்க, கணக்குல மேதைன்னு எல்லாத்தையும் ஒரே மூச்சுல அடிச்சு விட்டிருப்பாங்க, நம்ம ஆளுங்களும் அதை அப்படியே எடுத்து பின்னாடி ஒரு சோக மியூசிக் போட்டு ஷார்ட்ஸா இறக்கிடுவாங்க. அந்தம்மாவோட நிஜக் கதையிலயே சரக்கு ஏகத்துக்கு இருக்கு, மேல மசாலா தூவ அவசியமே இல்ல.

முதல்ல வைஃபை. அவங்க கையில இருந்தது ஒரு பேட்டண்ட், அதாவது கண்டுபிடிப்புக்கான காப்புரிமை. 1941 ஜூன் 10ல அப்ளை பண்ணாங்க, 1942 ஆகஸ்ட் 11ல கிடைச்சுது, நம்பர் 2,292,387. தேடிப் பாக்கறதா இருந்தா லமார்னு தேடாதீங்க, அப்போ கல்யாணப் பேர்ல ஹெடி கீஸ்லர் மார்க்கினுதான் பதிவு பண்ணியிருக்காங்க. விஷயம் என்னன்னா, எதிரிக் கப்பலைத் தகர்க்க கடலுக்குள்ள விடற டார்பிடோங்கற குண்டை ரேடியோ சிக்னல் வச்சு ஓட்டலாம், ஆனா நீங்க எந்த அலைவரிசையில பேசறீங்கன்னு எதிரி கண்டுபிடிச்சிட்டான்னா அதே அலைவரிசையில சத்தத்தைப் போட்டு உங்க சிக்னலை அமுக்கிடுவான், டார்பிடோ திசை தெரியாம போயிடும். அதனால அனுப்பறவனும் வாங்கறவனும் ஒரே நேரத்துல அலைவரிசை விட்டு அலைவரிசை தாவிக்கிட்டே இருக்கணும், எப்போ எதுக்குத் தாவறோம்ங்கறது அவங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியணும், அவ்வளவுதான் ஐடியா.

இதை எப்படி செஞ்சாங்கங்கறதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். அந்தக் காலத்துல தானா வாசிக்கற பியானோன்னு ஒண்ணு உண்டு, உள்ள நீளமா ஒரு பேப்பர் சுருள் ஓடும், அதுல ஓட்டை எங்க இருக்கோ அந்தக் கட்டை அடிக்கும். அதே மாதிரி ரெண்டு சுருள், ஓட்டை எல்லாம் அச்சு அசலா ஒரே இடத்துல, ஒண்ணு கப்பல்ல, இன்னொண்ணு டார்பிடோவுக்குள்ள, ரெண்டும் ஒரே நேரத்துல கிளம்பி ஒரே வேகத்துல ஓடணும். சுருள்ல 88 வரிசை வரைக்கும் வைக்கலாம்னு பேட்டண்ட்ல எழுதியிருக்கு, பியானோவுல எத்தனை கட்டையோ அத்தனை. அதுல காட்டியிருக்கற உதாரணத்துல அனுப்பற பக்கம் ஏழு அலைவரிசை, டார்பிடோ கேக்கறது நாலை மட்டும், மீதி மூணு சும்மா எதிரியைக் குழப்பறதுக்கு. 1940ல, ஷூட்டிங் முடிச்சு வந்து வீட்ல உக்காந்து யோசிச்ச ஐடியா இது.

இப்போ இதுக்கும் உங்க வீட்டு ரவுட்டருக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, கொஞ்சூண்டுதான். 1997ல வந்த முதல் வைஃபை ஸ்டாண்டர்டுல இந்தத் தாவல் முறையும் ஒரு ஆப்ஷனா இருந்துச்சு, ஆனா அது நிலைக்கல, 1999க்கு அப்புறம் மார்க்கெட்டைப் பிடிச்சதெல்லாம் வேற டெக்னிக். ஜிபிஎஸ்ஸையும் சேத்து அடிச்சு விடுவாங்க, ஜிபிஎஸ் சாட்டிலைட் தாவறதே இல்ல, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி கோட் குடுத்து எல்லாம் ஒரே அலைவரிசையில பேசும். நிஜமாவே சொந்தம் கொண்டாடணும்னா ப்ளூடூத்தைச் சொல்லுங்க, நாம பாட்டு கேக்கற சாதாரண ப்ளூடூத் 79 சேனலுக்குள்ள செகண்டுக்கு 1600 தடவை தாவுது. அதுக்காக ப்ளூடூத்தையும் அவங்கதான் கண்டுபிடிச்சாங்கன்னு ஆரம்பிச்சிடாதீங்க, அடிப்படையில ஒரே யோசனை, அவ்வளவுதான் சொல்லலாம்.

"உலகத்துலயே முதன்முதலா"ங்கற வார்த்தையையும் தயவுசெஞ்சு விட்டுடுங்க. அலைவரிசை மாத்தி மாத்தி அனுப்பினா ஒட்டுக் கேக்க முடியாதுன்னு ஜெர்மன்காரர் ஜோனதன் ஸென்னெக் 1908லயே தன்னோட வயர்லெஸ் பாடப் புஸ்தகத்துல எழுதிட்டாரு, வில்லம் ப்ரூர்ட்யெஸ்னு ஒருத்தருக்கு இதே வகையில 1932ல அமெரிக்கப் பேட்டண்டே கிடைச்சிருக்கு. லமார் டீம் புதுசா கொண்டு வந்தது ரெண்டு பக்கத்தையும் சுருள் வச்சு ஒண்ணா ஓட்டற அந்த ஏற்பாடு, அதை டார்பிடோவுக்குப் பொருத்தினது.

டீம்னு சொன்னேன் பாருங்க, நம்ம வீடியோக்கள்ல முக்காவாசி கோட்டை விடற இடம் இதுதான். அந்தப் பேட்டண்ட்ல ரெண்டு பேரு இருக்கு, இன்னொருத்தர் ஜார்ஜ் ஆன்டைல், மியூசிக் கம்போசர். 1920கள்லயே தானா வாசிக்கற பியானோ பதினாறை ஒண்ணா ஓட்டணும்னு ஒரு இசையை எழுதி வச்சிட்டு, அதையெல்லாம் ஒரே தாளத்துல ஓட வைக்க முடியாம முழிச்ச மனுஷன். ரெண்டு மிஷினை ஒத்து ஓட வைக்கறது எவ்வளவு கஷ்டம்னு அவரை விட அனுபவப்பட்ட ஆள் ஹாலிவுட்ல கிடைச்சிருக்க மாட்டாங்க. அவரைத் தூக்கிட்டு கதை சொன்னா பியானோ சுருள் எங்கிருந்து வந்துச்சுங்கறதே புரியாது. சில பேரு இதையே தலைகீழாத் திருப்பி, யோசிச்சதெல்லாம் ஆன்டைல்தான், அழகுக்காக நடிகை பேரையும் சேத்துக்கிட்டாங்கன்னு எழுதறான், அது இன்னும் மோசம், ஏன்னா அடிப்படை யோசனை லமாரோடதுன்னு ஆன்டைலே சொல்லியிருக்காரு. எலக்ட்ரானிக்ஸ் பக்கம் கால்டெக்ங்கற அமெரிக்கத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோட ப்ரொஃபசர் சாமுவேல் மெக்கோன் உதவி பண்ணாரு. லமாருக்கு டிகிரி எல்லாம் கிடையாது, பள்ளிக்கூடத்தை விட்டுட்டு சினிமாவுக்குப் போனவங்க, "கணித மேதை"ன்னு தம்ப்நெயில் வைக்கறவங்க இதைக் கவனிங்க. கோலா தண்ணியை மாத்திரையாக்கி, தண்ணில போட்டா கூல்டிரிங்க் ரெடின்னு இன்னொரு முயற்சியும் பண்ணி, அது சோடா மாத்திரை மாதிரி இருந்துச்சுன்னு அவங்களே பின்னாடி கிண்டல் பண்ணியிருக்காங்க. எதையாவது நோண்டிக்கிட்டே இருந்த ஆளு, அதைச் சொன்னாலே போதும்.

அடுத்தது "நேவி திருடிடுச்சு, கோடிக்கணக்குல ராயல்டியை ஏமாத்திட்டாங்க". நேவி வேணாம்னு சொன்னது நிஜம், என்னது, பியானோவைத் தூக்கி டார்பிடோவுக்குள்ள வைக்கணுமாங்கற தோரணையிலதான் பாத்தாங்கன்னு ஆன்டைல் எழுதியிருக்காரு. அந்த நேரத்துல அமெரிக்க நேவியோட டார்பிடோ விட்டா வெடிக்கவே மாட்டேங்குதுன்னு தனிப் பிரச்சனை வேற ஓடிட்டிருந்துச்சு, புதுசா ஒண்ணைக் கேக்கற மூடுல யாரு இருந்திருப்பாங்க. ரெண்டு பேருக்கும் ஒரு பைசா வரலங்கறதும் நிஜம். ஆனா பேட்டண்ட்டோட ஆயுசு 17 வருஷம், 1959லயே முடிஞ்சு போச்சு, ப்ளூடூத் வந்தது 1990களோட கடைசியில, அதுலேர்ந்து ராயல்டி வர சட்டப்படி வழியே இல்ல. அநியாயம் எங்க நடந்துச்சுன்னா பேர் கிடைக்கறதுல. அதுக்கு 1997 வரைக்கும் காத்திருக்க வேண்டியதாச்சு, இணைய உரிமைகளுக்காகப் போராடற எலக்ட்ரானிக் ஃப்ரண்டியர் ஃபவுண்டேஷன் விருது குடுத்தப்போ அவங்களுக்கு 82 வயசு. இப்பவாச்சும் குடுத்தாங்களேங்கற தொனியிலதான் பதில் வந்துச்சு. ஆன்டைல் 1959லயே போய்ட்டாரு. ரெண்டு பேரையும் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் ஹால் ஆஃப் ஃபேம்ல சேத்தது 2014ல, அப்போ லமாரும் இல்ல, 2000 ஜனவரியிலயே இறந்துட்டாங்க.

ஹிட்லர் மேட்டருக்கு வருவோம். முதல் புருஷன் ஃப்ரிட்ஸ் மாண்டல், ஆஸ்திரியாவுல பெரிய ஆயுத ஃபேக்டரி முதலாளி, முசோலினிக்கு வேண்டப்பட்டவர், வீட்ல பெரிய பெரிய விருந்து நடக்கும், ஆயுத விஷயமெல்லாம் டேபிள்ல பேசுவாங்க, இதெல்லாம் சரி. ஆனா ஹிட்லர் வந்து சாப்டாருன்னு சொல்றதுக்கு முன்னாடி தேதியைப் பாருங்க. ஆஸ்திரியாவுல நாஜிக் கட்சியைத் தடை பண்ணது 1933 ஜூன், இவங்க கல்யாணம் 1933 ஆகஸ்ட், லமார் புருஷனை விட்டு ஓடினது 1937, ஹிட்லர் படையோட ஆஸ்திரியாவுக்குள்ள வந்தது 1938 மார்ச். இது போதாதுன்னா மாண்டலோட அப்பா யூதராப் பிறந்தவர். இவங்க வீட்டு டைனிங் டேபிள்ல ஹிட்லரை உக்கார வைக்கணும்னா திரைக்கதை ஆசிரியர்தான் வரணும்.

தப்பிச்ச கதையும் இப்படித்தான், ரெண்டு மூணு வெர்ஷன் ஓடுது. ஒண்ணுல வேலைக்காரிக்கு மயக்க மருந்து, அவ ட்ரெஸ்ஸைப் போட்டுக்கிட்டு எஸ்கேப், இன்னொண்ணுல நகையெல்லாம் மாட்டிக்கிட்டு விருந்துக்குப் போய் அப்படியே கம்பி நீட்டினாங்க. எந்த வெர்ஷனை எடுத்தாலும் "ஒரு கதை இப்படி இருக்கு"ன்னு சொல்லிட்டுப் போங்க. அதுக்கு அடுத்த பாகம்தான் உறுதியானது, அதுதான் எனக்கு இன்னும் சினிமாத்தனமா தெரியுது. லண்டன்ல எம்ஜிஎம்ங்கற ஹாலிவுட் ஸ்டுடியோவோட தலைவர் லூயி பி. மேயர் வாரம் 125 டாலர் தர்றேங்கறாரு, வேணாம்னுட்டாங்க, அப்புறம் அவர் போற நார்மண்டி கப்பல்லயே டிக்கெட் போட்டு ஏறி, அமெரிக்கக் கரையில இறங்கறப்போ வாரம் 500 டாலர் கான்ட்ராக்ட்டோடயும் லமார்ங்கற புதுப் பேரோடயும் இறங்கினாங்க. அந்தப் பேரு 1926ல இறந்துபோன பார்பரா லா மார்ங்கற நடிகையோடது.

மயக்க மருந்துக் கதை பரவினதுல 1966ல வந்த அவங்க "சுயசரிதை"க்குப் பெரிய பங்கு உண்டு. அதை எழுதினது கூலிக்கு அமர்த்தின எழுத்தாளர்கள், புக் வர்றதுக்கு முன்னாடியே பொய்யும் ஆபாசமுமா இருக்குன்னு லமாரே கோர்ட்டுக்குப் போனாங்க, நிறுத்த முடியல. படுக்கையறைக் கதை ஏகப்பட்டது இருக்கற அந்தப் புக்ல பேட்டண்ட் பத்தி ஒரு வரி கிடையாது, அவ்வளவுதான் அதோட லட்சணம். "அவங்களே எழுதியிருக்காங்க"ன்னு அதுலேர்ந்து மேற்கோள் காட்டாதீங்க. அவங்க குரலே வேணும்னா 1990ல ஃபோர்ப்ஸ் நிருபர் எடுத்த பேட்டி டேப் இருக்கு, 2017 டாக்குமெண்டரியில போட்டுக் காட்டறாங்க, அங்கேர்ந்து ஆரம்பிங்க. அதே படத்துல வர்ற "எப்படி இருந்தாலும் நல்லது செய்" வரிகளை லமார் பொன்மொழின்னு போஸ்டர் அடிக்கறாங்க, அது கென்ட் கீத்ங்கற அமெரிக்க மாணவர் 1968ல எழுதினது. பாவம், அன்னை தெரசா பேர்லயும் அதே வரிகள் சுத்துது.

படங்கள் பத்தி சுருக்கமா. 1933ல பெரிய சர்ச்சையைக் கிளப்பின அவங்க 'எக்ஸ்டசி' செக் நாட்டுப் படம், ஹாலிவுட் படம் இல்ல. ஹாலிவுட்ல அவங்களுக்குக் கிடைச்ச பெரிய ஹிட் 1949ல வந்த 'சாம்சன் அண்ட் டெலைலா', அப்போ எம்ஜிஎம்மை விட்டு வெளிய வந்தாச்சு. "அழகு மட்டும்தான், நடிப்பு வராது"ன்னு சொல்றது ஸ்டுடியோ அவங்களைப் பொம்மையா நிக்க வச்சதை மறந்துட்டுப் பேசறது, 1946ல தானே தயாரிப்புல இறங்கி 'தி ஸ்ட்ரேஞ்ச் வுமன்'ல ஒரு வில்லி ரோல் பண்ணாங்க, அதைப் பாத்துட்டு அப்புறம் பேசுங்க.

கடைசியா ஃபோட்டோ. ஜோன் பென்னட்னு ஒரு நடிகை 1938ல தங்கக் கலர் முடியைக் கறுப்பாக்கிக்கிட்டு அச்சு அசல் லமார் மாதிரியே ஆயிட்டாங்க, அவங்க படத்தைப் போட்டு "உலகின் பேரழகி ஹெடி லமார்"னு கேப்ஷன் வைக்கற பேஜ் இப்பவும் இருக்கு. சரியான ஃபோட்டோவா இருந்தாலும் யார்கிட்ட உரிமை இருக்குன்னு பாத்துக்கங்க. பழைய கோரல்ட்ரா சாஃப்ட்வேர் பெட்டி மேல இருந்த பொண்ணு முகம் ஞாபகம் இருக்கா, டிடிபி சென்டர் வச்சிருந்தவங்களுக்கு நல்லாத் தெரியும், அது லமார்தான். எண்பத்து சொச்சம் வயசுல, என்னைக் கேக்காம எப்படிப் போட்டீங்கன்னு கேஸ் போட்டு, கம்பெனி கடைசியில காசு குடுத்து செட்டில் பண்ண வேண்டியதாச்சு.