பச்சைத் திரை கட்டினால் பசுமைக் கல்யாணமா? சேலத்திலும் ஏற்காட்டிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேடைக்குப் பின்னால் பிளாஸ்டிக் புல் சுவர், வாசலில் மூங்கில் தட்டி, நடுவே மரத்துண்டில் மணமக்கள் பெயர். டெக்கரேஷன்காரர் ஆல்பத்தைப் புரட்டி, “இது நேச்சர் தீம்ங்க” என்பார். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் புல் சுவர் முழுக்க பிளாஸ்டிக். ஒரு கல்யாணம் சுற்றுச்சூழலுக்கு எவ்வளவு சுமை என்று தெரிய வேண்டுமானால், மறுநாள் காலை மண்டபத்தின் பின்பக்கம் போய்க் குப்பையைப் பாருங்கள். மேடையைப் பற்றிப் பேசுவதற்கு முன் அங்கிருந்து திட்டத்தைத் தொடங்குவது நல்லது. தொடங்காததால் வரும் தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன்.

மொத்தக் கூட்டத்தையும் மலையேற்றுவது

இயற்கையோடு கல்யாணம் என்றால் சேலத்துக்காரர்களுக்குச் சட்டென்று தோன்றுவது ஏற்காடு. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் 1,500 மீட்டர் உயரத்தில் காபித் தோட்டம், சில்வர் ஓக் மரத்தைச் சுற்றி ஏறிய மிளகுக் கொடி, குளிர்காற்று. ஆசை வருவது நியாயம்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அறுநூறு பேர், காருக்கு நாலு பேர் என்றால் 150 கார். அத்தனையும் ஒரே மாலையில் ஏறி, ஒரே இரவில் இறங்க வேண்டும். அண்டா, சிலிண்டர், நாற்காலி, இலைக்கட்டு, ஜெனரேட்டர் எல்லாம் கீழிருந்து லாரியில் போகும். குப்பை அதே வழியில் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் மலையிலேயே கிடக்கும். கோடையில் மேலே தண்ணீருக்கே லாரியை எதிர்பார்க்கும் இடங்கள் உண்டு. அங்கே அறுநூறு பேர் கை கழுவப் போகிறார்கள்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காட்டெருமைகள் நடமாட்டம் சாதாரணம். குரங்குகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எச்சில் இலையையும் மிச்சச் சோற்றையும் மண்டபத்துக்குப் பின்னால் கொட்டினால் அவை பழகிவிடும். நாம் இரவே கிளம்பிவிடுவோம். காலையில் எஸ்டேட் வேலைக்கு அந்த வழியாக நடப்பவர்கள்தான் எதிரில் நிற்கும் காட்டெருமையைச் சமாளிக்க வேண்டும்.

ஆகவே கூட்டத்தைப் பிரியுங்கள். முகூர்த்தம் மேலே என்றால் நெருங்கிய உறவுகள் மட்டும், இரண்டு மூன்று வேன். வரவேற்பு கீழே, பேருந்து நிலையத்திலிருந்தோ ஜங்ஷனிலிருந்தோ சுலபமாக வரக்கூடிய மண்டபத்தில். “என்னை மலைக்குக் கூப்பிடலையா?” என்று ஒரு சித்தப்பா முறைத்துக்கொள்வார். முன்னதாகவே நேரில் போய்ச் சொல்லிவிட்டால் பாதிக் கோபம் அங்கேயே தீரும்.

நாள் பார்ப்பதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. மே மாதம் கோடை விழாக் கூட்டம். மலைப்பாதை ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும். ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தம் என்றால் மழை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்தது. காபிப் பூ பூக்கும் நேரத்தில்தான் வைக்க வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். கோடை மழை விழுந்தால்தான் அது பூக்கும், சில நாளில் உதிர்ந்தும் விடும். பஞ்சாங்கத்தில் அதற்கு நாள் குறிக்க முடியாது.

தூரத்துப் பூ, ஓயாசிஸ் நுரை

மேடையில் பூ நிற்பதற்காகப் பச்சைச் செங்கல் மாதிரி ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்துக் குத்துவார்களே, அதுதான் ஓயாசிஸ். பெயரும் நிறமும் பார்த்தால் ஏதோ பாசி என்று தோன்றும். அது ஃபீனாலும் ஃபார்மால்டிஹைடும் சேர்த்துச் செய்த பிளாஸ்டிக் நுரை. கையால் அழுத்தினால் தூளாகும். அந்தத் தூள் மக்காமல் மண்ணிலும் சாக்கடையிலும் தங்கும். “இது இல்லாம பூ நிக்காதுங்க” என்பார் டெக்கரேஷன்காரர். வாழைத்தண்டை நீளவாக்கில் படுக்கவைத்து, குச்சியால் துளைபோட்டுக் காம்பைச் செருகச் சொல்லுங்கள். தண்டிலேயே ஈரம் இருக்கிறது. ஒரு ராத்திரி, ஒரு பகல் பூ தாங்கும். காரியம் முடிந்ததும் துண்டுபோட்டு எருக்குழியில் போடலாம்.

பூவைப் பொறுத்தவரை சேலத்துக்காரர்கள் வெளியே தேடுவது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகவே இருக்கும். விமானத்தில் வரும் ஆர்க்கிட் எதற்கு? பனமரத்துப்பட்டிப் பக்கம் அரளியும் சாமந்தியும் மல்லியும் விளைந்து, விடியற்காலையில் வ.உ.சி. மார்க்கெட்டுக்கு வருகின்றன. முகூர்த்த நாளில் விலை எகிறும் என்பது உண்மை. அதற்குத்தான் தென்னங்குருத்துத் தோரணம், மாவிலை, பாக்குப்பூ, நுங்குக் குலை எல்லாம் இருக்கின்றன. பூவைக் குறைத்து ஓலையைக் கூட்டினால் மேடை இன்னும் அம்சமாக இருக்கும் என்பது என் கட்சி.

அரளியில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது விஷச்செடி. மாடு தின்றால் உயிருக்கே ஆபத்து. மண்டபத்துக்குப் பின்னால் எச்சில் இலையோடு அரளி மாலைகளையும் சேர்த்துக் குவித்துவைத்தால், இலை தின்ன வரும் மாடு இரண்டையும் சேர்த்துத்தான் இழுக்கும். பூக்குப்பைக்குத் தனிச் சாக்கு வையுங்கள். பந்தி நடக்கும் மேசையிலும் பரிமாறும் தட்டிலும் அரளியை வைக்கவே வேண்டாம்.

இன்னொன்று, காட்டுச் செடி. ‘ரஸ்டிக் லுக்’ வேண்டும் என்று சோலையிலிருந்து பெரணியும் மரத்தில் ஒட்டிய ஆர்க்கிட்டும் பிடுங்கி வரச் சொல்பவர்கள் உண்டு. வனத்திலிருந்து செடி பறிப்பது குற்றம். ஆர்க்கிட் பார்க்க ஆசையென்றால் ஏற்காட்டிலேயே இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் பூங்கா இருக்கிறது. விருந்தாளிகளை அங்கே அனுப்புங்கள்.

இலைக்குப் பக்கத்தில் ஒரு பாட்டில்

வாழை இலை போடும் ஊர் நம்முடையது. அதைவிட மக்கும் தட்டு இனி ஒருவர் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு இலைக்கும் பக்கத்தில் 300 மில்லி தண்ணீர் பாட்டில் ஒன்றை வைத்துவிடுகிறோம். எண்ணூறு பேர், இரண்டு வேளை என்றால் 1,600 பாட்டில். பாதி பேர் இரண்டு வாய் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். கேன் தண்ணீரை எவர்சில்வர் ஜக்கில் ஊற்றி, டம்ளர் வைத்து, பந்திக்கு இரண்டு பேரை ஊற்றுவதற்கென்றே விட்டால் போதும். உருக்காலை இருக்கும் ஊரில் எவர்சில்வர் டம்ளருக்கா பஞ்சம்? வாடகைப் பாத்திரக் கடையில் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். கழுவ ஆளும் தண்ணீரும் செலவாகும். அந்தக் கூலியைச் சமையல்காரரிடம் பேசும்போதே தனியாகப் பேசிவிடுங்கள்; பேசாவிட்டால் கடைசி நேரத்தில் பேப்பர் கப் வந்து நிற்கும்.

பேப்பர் கப் பேப்பர்தானே என்று நினைப்பதும் தவறு. உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய கப், தெர்மாகோல் தட்டு, உறிஞ்சுகுழல், சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள் எல்லாம் அடக்கம். பஃபே வைத்தே தீர வேண்டுமென்றால் பாக்கு மட்டைத் தட்டு வாங்குங்கள். வாழப்பாடி, ஆத்தூர்ப் பக்கம் பாக்குத் தோப்புகள் இருக்கும்போது அதைத் தூர ஊரிலிருந்து ஆன்லைனில் வரவழைக்க வேண்டாம்.

முப்பது வகைச் சாப்பாடு

குப்பையில் கனமானது சாப்பாடுதான். இலையில் இடம் இல்லாமல் அடுக்கி வைத்து, தொடாமலே மூடுகிற இலைகளைப் பார்த்திருப்பீர்கள். ஸ்வீட்டு மட்டும் நாலு. வகையைக் குறைத்து, இருப்பதைச் சரியாகச் செய்தால் ஊர் மெச்சும். மாம்பழக் காலமென்றால் மல்கோவாவோ இமாம் பசந்தோ நறுக்கிப் போடுங்கள். ஐஸ்கிரீம் கப்பே வேண்டாம். பாயசத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம்மூர் ஜவ்வரிசி இருக்கிறது. மாலையில், தட்டுவடைகளுக்கு நடுவே சட்னியும் காய்கறித் துருவலும் வைத்துத் தரும் தட்டுவடை செட்டுக்கு ஒரு ஆள் போட்டால் குழந்தைகளும் பெரியவர்களும் அங்கேதான் நிற்பார்கள்.

சமையல்காரரிடம் சொல்ல வேண்டியது: சாதத்தை ஒரே மூச்சில் வடிக்க வேண்டாம். மூன்றாம் பந்தி எழுந்த பிறகு ஆளை எண்ணிப் பார்த்துக் கடைசி அண்டாவுக்கு உலை வைக்கட்டும். பரிமாறுபவர்கள் கேட்டுப் போடட்டும்.

மிச்சத்தை ஆதரவற்றோர் இல்லத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். இரவு பதினொன்றுக்கு ஃபோன் செய்தால் அங்கே எல்லோரும் சாப்பிட்டுத் தூங்கியிருப்பார்கள். முந்தைய நாளே பேசி, எத்தனை மணிக்கு, எவ்வளவு, யார் வண்டி என்று முடிவு செய்யுங்கள். தேங்காய் போட்டது முதலில் கெடும். அதைக் கொடுக்காமல் இருப்பதே மரியாதை.

தாம்பூலப் பை

மரக்கன்று கொடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. கறுப்புப் பாலிதீன் பையில் வந்த கன்றுகள் பாதி நாற்காலிக்கடியிலேயே கிடக்கும். மாடிவீட்டுக்காரர் வேங்கைக் கன்றை எங்கே நடுவார்? கேட்பவர்களுக்கு மட்டும் கொடுங்கள். விதைப்பந்தை மலைப்பாதையில் வீசிக்கொண்டு போவதும் வேண்டாம். எந்த விதை அந்த மலைக்கு உரியது என்று தெரியாமல் வீசினால், வெளிநாட்டிலிருந்து வந்த உண்ணிச்செடி காட்டில் பரவியதைப் போல இன்னொன்று பரவும்.

துணி மாதிரி இருக்கும் ‘நான் ஓவன்’ பையும் பிளாஸ்டிக்தான், தடைப்பட்டியலில் இருப்பதுதான். பருத்தி மஞ்சப்பையில் தேங்காய், வெற்றிலை பாக்கு, கூடவே ஏற்காட்டு மிளகு கொஞ்சம். போதும்.

ஃப்ளெக்ஸ் பேனரைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை, வைக்காதீர்கள். இரவு பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கருக்கும் அனுமதி இல்லை. எஸ்டேட் நடுவில் என்றால் அதற்கு முன்பே நிறுத்துங்கள்.

இருப்பதை விட்டுவிடுவது

வாசலில் பிளாஸ்டிக் வாழை மரம் கட்டிவிட்டு உள்ளே ‘இயற்கைத் தீம்’ தேடுகிறோம். பல குடும்பங்களில் முகூர்த்தக்காலோடு கல்யாண முருங்கைக் கொம்பு நடும் பழக்கம் உண்டு. அந்தக் கொம்பைக் காரியம் முடிந்ததும் தூக்கி எறியாமல் ஈரமான இடத்தில் நட்டால் துளிர்த்துவிடும். சிவப்புப் பூ பூத்தால் மைனாவும் தேன்சிட்டும் வரும். அதே இனத்து மரங்களைத்தான் காபித் தோட்டங்களில் நிழலுக்கும் மிளகுக் கொடி படரவும் வைக்கிறார்கள்.

மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கும்போது மேனேஜரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எச்சில் இலை எங்கே போகிறது? பூக்குப்பையைத் தனியாக எடுப்பீர்களா? பாட்டிலும் பேப்பர் கப்பும் இல்லாமல் நடத்த உங்கள் ஆட்கள் சம்மதிப்பார்களா? “அதெல்லாம் பாத்துக்கலாம்ங்க” என்றால் அந்த இடத்திலேயே ரசீதின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தர யோசித்தால் வேறு மண்டபம் பாருங்கள்.