வெளுத்துப்போகும் ஒளிக்கோடுகள்: இரவு வாகனப் படங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2008-ல் திறக்கப்பட்ட சென்னை கத்திப்பாரா மேம்பாலத்தை இரவில் எடுக்காத ஃபோட்டோகிராஃபர்கள் குறைவு. அந்தப் படங்களில் அடிக்கடி கண்ணில் படும் குறை ஒன்றுதான். பாலம் அழகாக வந்திருக்கும், ஷட்டர் பல நொடிகள் திறந்திருக்கையில் ஓடும் வண்டிகளின் ஹெட்லைட்கள் இழுக்கும் கோடுகள் மட்டும் நிறமே இல்லாமல் வெளுத்துக் கிடக்கும்.

உடனே பலரும் ஷட்டர் நேரத்தில் கை வைக்கிறார்கள். 20 நொடியை 10 ஆக்கினால் பாலம் இருட்டாகும், கோடு நீளத்தில் குறையும், வெளுப்பு அப்படியே இருக்கும். ஓடுகிற விளக்கு, கேமராவுக்குள் ஒளியைப் பதிவு செய்யும் சென்சாரின் ஒரு புள்ளியைக் கடப்பது கண நேரம்தானே! அதன்பிறகு ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் அந்த வண்டியிலிருந்து அந்தப் புள்ளிக்கு வேறு வெளிச்சம் வராது. ஆக, கோட்டின் பிரகாசம் அபெர்ச்சர் (லென்ஸின் துவாரம்), ஐஎஸ்ஓ (ஒளிக்கு கேமராவின் உணர்திறன்) இரண்டின் கையில். நொடிகள் கோட்டின் நீளத்துக்கும் பின்னணிக்கும்தான். ஐஎஸ்ஓ 100, அபெர்ச்சர் எஃப் 11 (எண் கூடினால் துவாரம் சிறிதாகும்) வைத்து ஒரு படம் எடுத்து, பெரிதாக்கி, கோட்டில் நிறம் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், பின்னணிக்காக நொடிகளைக் கூட்டுங்கள். நிற்காவிட்டால் எஃப் எண்ணைக் கூட்டலாம், ஆனால் எஃப் 22 வரை போனால் மொத்தப் படமும் மழுங்கிவிடும்.

நெரிசல் நேரத்தில் இந்தக் கணக்கு தப்பும். ஒரே தடத்தில் வண்டிக்குப் பின் வண்டி வந்தால் கோட்டின் மேல் கோடு விழுந்து வெளுக்கும். ஊர்ந்து போகும் வண்டியும் அப்படித்தான். ஹை பீமில் ஒரு லாரி வந்தால், லென்ஸுக்கு முன்னால் கறுப்பு அட்டையைப் பிடித்து, அது போனதும் எடுத்துவிடுங்கள். அட்டை லென்ஸைத் தொடக் கூடாது.

நன்றாக இருட்டட்டும் என்று காத்திருப்பதும் தவறே. வானம் கருநீலமாக இருக்கும்போதே எடுக்க வேண்டும். நம் ஊரில் அந்தி சீக்கிரம் முடிந்துவிடும். சூரியன் மறைந்த 15-ஆவது நிமிடத்துக்குள் ஃப்ரேமும் ஃபோகஸும் தயாராக இருக்கட்டும்.

டிரைபாடைப் பாலத்தின் மேல் ஊன்றாதீர்கள். ஒரு பஸ் போனாலே தளம் அதிரும், ஆபத்தும்கூட. அனுமதி வாங்கி பக்கத்துக் கட்டட மாடிக்குப் போங்கள். கை நடுக்கத்தைச் சமன்செய்யும் ஸ்டெபிலைசரை அணைத்துவிடுங்கள், 2 நொடி டைமர் போடுங்கள். லென்ஸின் முன் மாட்டும் யூவி ஃபில்டரைக் கழற்றாவிட்டால் ஹெட்லைட்டின் பேய் பிம்பங்கள் வானத்தில் மிதக்கும்.

சில கார்களின் டெயில் லைட் கோடு புள்ளி புள்ளியாக விழும். கேமராவைக் குறை சொல்ல வேண்டாம். அந்த எல்இடி விளக்குகள் நம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிகின்றன.