எழுபது வருஷம் யாருக்கு? சிறையிருப்புத் தீர்க்கதரிசனங்களை வாசிக்கையில் நேரும் தவறுகள்

பாபிலோன் யூதாவின் ஜனங்களைச் சிறைபிடித்துக் கொண்டுபோன காலம் அது. யூதாவின் கடைசி ராஜா சிதேக்கியாவைப் பற்றி இரண்டு தீர்க்கதரிசனங்கள் உண்டு. பாபிலோன் ராஜாவை முகமுகமாய்ப் பார்ப்பாய், பாபிலோனுக்குப் போவாய் என்று எருசலேமிலிருந்த தீர்க்கதரிசி எரேமியா சொன்னார் (34:3). பாபிலோனியாவின் கேபார் நதியண்டையில் சிறைப்பட்டவர்களோடு இருந்த எசேக்கியேலோ, அவனைப் பாபிலோனுக்குக் கொண்டுபோவார்கள், ஆனாலும் அதைக் காணாமலே அங்கே சாவான் என்றார் (12:13).

இருவர் பேச்சும் இந்த ஓரிடத்தில் ஒத்துவரவில்லை என்று சொல்லியே சிதேக்கியா இருவரையும் நம்பாமல் விட்டான் என்று எழுதுகிறார் முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ். அதாவது, இந்த அவசரத் தீர்ப்பு என்ற தவறு ராஜாவிடமிருந்தே தொடங்கிவிட்டது. நடந்ததோ கொடூரம். கி.மு. 586இல் தப்பியோடியவனை எரிகோ சமனான வெளியில் பிடித்து, பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் இருந்த ரிப்லாவுக்குக் கொண்டுபோனார்கள். அவன் கண்ணெதிரே அவன் குமாரரை வெட்டினார்கள். பிறகு அவன் கண்களைக் குருடாக்கி, வெண்கல விலங்கிட்டுப் பாபிலோனுக்குக் கொண்டுபோனார்கள். ராஜாவைப் பார்த்தான், நகரத்தைப் பார்க்கவில்லை.

இது இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதால், எல்லாச் சிக்கலும் இப்படியே அவிழும் என்று எண்ணிவிடுகிறோம். பாபிலோனைக் குறித்து எரேமியா சொன்ன எழுபது வருஷக் கணக்கில் அது நடப்பதில்லை.

எங்கள் வேதபாட வகுப்பில் ஒருவர் போனில் கால்குலேட்டரைத் திறந்தே உட்கார்ந்தார். யூதர்கள் திரும்பிப் போகலாம் என்ற பெர்சிய ராஜா கோரேசின் கட்டளை கி.மு. 538. ஆலயம் எரிந்த 586இலிருந்து எண்ணினால் 48. சிதேக்கியாவுக்கு முன்னிருந்த ராஜா யோயாக்கீன் சிறைப்பட்ட 597இலிருந்து 59. நேபுகாத்நேச்சார் அரியணை ஏறிய 605இலிருந்து 67. எழுபது எங்கே என்று கேட்டார். அவர் கழித்தல் சரி; எதைக் கணக்கிடுகிறோம் என்பதில்தான் பிசகு. எரேமியா 25:11ஐ நிதானமாக வாசியுங்கள்: எழுபது வருஷம் என்பது 'இந்த ஜாதிகள்' பாபிலோன் ராஜாவைச் சேவிக்கும் காலம். யூதர்கள் அந்நிய மண்ணில் கழிக்கும் காலம் என்று அந்த வசனம் சொல்லவில்லை. 29:10இல் நம் பழைய மொழிபெயர்ப்பு 'பாபிலோனில்' என்கிறது. எபிரெயத்தில் அங்கே நிற்பது 'லெ' என்ற முன்னொட்டு. 'பாபிலோனுக்கு எழுபது வருஷம்' என்று எடுப்பதே இயல்பு. நான்காம் வேற்றுமை ஏழாம் வேற்றுமையானதும், ஒரு வல்லரசுக்கு விதித்த தவணை கைதிகளின் தண்டனைக் காலம் போலத் தோன்றிவிட்டது. பாபிலோனுக்கு முந்தைய வல்லரசான அசீரியாவின் கடைசி முயற்சி ஆரானில் தோற்ற 609இலிருந்து பாபிலோன் விழுந்த 539 வரை எண்ணினால் எழுபது வருகிறது.

விடை கிடைத்துவிட்டது என்று புத்தகத்தை மூடுவதும் தவறுதான். ஆலயம் எரிந்த 586, திரும்பக் கட்டி முடிந்த 516: இதுவும் எழுபது. பெர்சிய ராஜா தரியுவின் இரண்டாம் வருஷத்திலேயே, அதாவது 520-519இலேயே, சகரியா 1:12 'எழுபது வருஷமாய்' என்று பேசிவிடுகிறது. இரண்டாம் நாளாகமம் அதே எண்ணைத் தேசம் பாழாய்க்கிடந்து அனுபவித்த ஓய்வுநாட்களோடு இணைக்கிறது. வேத ஆசிரியர்களே ஒரே கடிகாரத்தை வைத்துக்கொள்ளாதபோது, நாம் ஒரு ஜோடி ஆண்டுகளைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களோடு மல்லுக்கு நிற்பது வீண். தீரு என்ற துறைமுகப் பட்டணத்துக்கும் ஏசாயா 23 எழுபது வருஷமே சொல்கிறது.

இந்தக் கூட்டல் கழித்தலில் நழுவிப்போகும் ஆள் அனனியா என்ற கள்ளத் தீர்க்கதரிசி. இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று ஆலயத்தில் ஜனங்கள் முன்னால் அறிவித்தவன் அவன் (எரேமியா 28). அடுத்த அதிகாரத்தில் வரும் சிறைப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய நிருபத்தை அந்த இரண்டு வருஷத்துக்கு எதிராக வைத்து வாசிக்க வேண்டும். வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளுக்குப் பெண் கொள்ளுங்கள் என்கிறது அது. அதை வாசிக்கக் கேட்ட நடுவயதுக்காரனுக்கு எழுபது என்றால் ஒன்றுதான்: நீ திரும்பப் போவதில்லை, உன் பேரன் போகலாம்.

பெயர்க் குழப்பம் இன்னொன்று. யோயாக்கீம் தகப்பன், யோயாக்கீன் மகன். தமிழில் கடைசி மெய் மட்டுமே வேறு. மகனுக்கு எகொனியா, கோனியா என்ற பெயர்களும் உண்டு. 'சந்தானமற்றவன்' என்று எரேமியா 22:30 எழுதச் சொல்வது இந்த மகனை. ஆனால் முதலாம் நாளாகமம் 3 அவன் குமாரர்களைப் பட்டியலிடுகிறது. பாபிலோனில் கிடைத்த களிமண் பலகைகளிலும் அவனுக்கும் ஐந்து குமாரருக்கும் எண்ணெய் அளந்த கணக்கு இருக்கிறது. வசனத்தின் மீதியை வாசித்தால் போதும்: தாவீதின் சிங்காசனத்தில் உட்கார அவன் வித்தில் ஒருவனும் இல்லை என்பதே பொருள். கழற்றி எறியப்பட்ட முத்திரை மோதிரமாக அவனைச் சொன்ன அதே அதிகாரத்தை நினைவில் வைத்தே, ஆகாய் 2:23 அவன் பேரன் செருபாபேலை முத்திரை மோதிரம் என்கிறது. செருபாபேல் அதிபதியானான், ராஜாவாகவில்லை.

மீண்டும் சிதேக்கியா. 'சமாதானத்தோடே சாவாய்', முந்தைய ராஜாக்களின் அடக்கத்தில் செய்ததுபோல் கந்தவர்க்கங்களைக் கொளுத்துவார்கள் என்று எரேமியா 34:5 அவனுக்குச் சொல்கிறது. 52:11 அவனைச் சாகும்வரை காவல் வீட்டில் வைக்கிறது. பட்டயத்தால் சாகமாட்டாய் என்ற முந்தைய வசனத்தை வைத்து முதல் பாதிக்கு ஒரு விளக்கம் கொடுக்கலாம். கந்தவர்க்கம் கொளுத்தியதாக வேதத்தில் எங்கும் இல்லை. வகுப்பில் கேட்டால் அப்படியே சொல்லிவிடுகிறேன்.