பத்து வினாடியில் ஒரு பூனை–எலித் துரத்தல்: காகிதம், கத்தரி, போன் போதும்

'டாம் அண்ட் ஜெர்ரி' பார்த்த சூட்டில் நாமும் ஒரு கார்ட்டூன் செய்வோம் என்று உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஓட்டத்தையே வரைந்து தள்ளுவார்கள். நானும் அப்படித்தான் ஒரு நோட்டை வீணாக்கினேன். ஓட்டம் சட்டென்று நிற்கிற இடத்தில்தான் ஆள் சிரிப்பார். அதனால் இந்தப் பத்து வினாடியில் ஓட்டத்துக்கு மூன்று வினாடிதான்.

முதலில் கதை, மூன்றே வரி. எலி பொந்துக்குள் நுழைகிறது, பூனை சுவரில் மோதி அப்பளமாகிறது, எலி வெளியே வந்து பூனையைப் பாய் மாதிரி சுருட்டி உள்ளே இழுத்துக்கொண்டு போகிறது. இதற்கு மேல் எதையும் சேர்க்காதீர்கள். டாம் அண்ட் ஜெர்ரியை உருவாக்கிய ஹன்னாவும் பார்பெராவும் 1940-இல் எம்ஜிஎம் ஸ்டூடியோவில் செய்த அதன் முதல் படத்தின் கதையும் எளிமையானதுதான்: இன்னொரு பொருளை உடைத்தால் வீட்டை விட்டுத் துரத்திவிடுவேன் என்று வீட்டுக்காரம்மா சொல்லிவிட, எலி கண்ணாடிக் கோப்பையை மேஜை விளிம்புக்குக் கொண்டுபோய்ப் பூனையை மிரட்டுகிறது. (அந்தப் படத்தில் பூனையின் பெயர் ஜாஸ்பர், டாம் என்ற பெயர் அப்புறம் வந்தது.)

அடுத்தது நேரக்கணக்கு. இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். சினிமாவில் வினாடிக்கு 24 பிரேம், அதாவது அடுத்தடுத்து ஓடுகிற 24 அசையாப் படங்கள். சாதாரண அசைவுக்கு ஒரு படத்தையே இரண்டு பிரேமுக்கு வைப்பது வழக்கம், ஆக 12 படம். நமக்கும் வினாடிக்கு அதே 12, ஆக போனில் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியது மொத்தம் 120 படம். நான் பிரித்தது இப்படி: ஓட்டம் 36, எலி நுழைவது 6, பூனை பிரேக் போடுவது 12, மோதல் 6, அசையாமல் கிடப்பது 18, சுருட்டுவது 42. அந்த இரட்டையரில் கதையும் ஓவியமும் பார்பெரா பக்கம், இந்த நேரக்கணக்கு ஹன்னா பக்கம்.

36 படமா என்று பயப்பட வேண்டாம். பூனைக்கு ஆறு உருவம் வரைந்து கத்தரித்தால் போதும்: இடது கால் தரையில் (உடம்பு தாழ்ந்து), உந்துவது, இரண்டு காலும் காற்றில், பிறகு அதே மூன்று வலது காலுக்கு. எலிக்கு நான்கு: ஒரு கால் தரையில், காற்றில், மறு கால் தரையில், காற்றில். கால் சின்னதல்லவா, வேகமாக மாறட்டும். இவற்றை மாற்றி மாற்றி வைத்து எடுங்கள், ஆளை நகர்த்த வேண்டாம். கீழே இருக்கிற சார்ட் பேப்பரைத்தான் ஒவ்வொரு படத்துக்கும் 2 செ.மீ. பின்னால் இழுக்க வேண்டும். அதில் 24 செ.மீ.க்கு ஒரு விளக்கு வரைந்துகொண்டால், 12 படம் முடிந்ததும் பேப்பரைப் பழைய இடத்துக்கே தள்ளிவிடலாம். பழைய கார்ட்டூன்களில் ஒரே விளக்கை ஏழெட்டு முறை கடந்து ஓடுகிறார்களே, அந்த வீடு அவ்வளவு நீளம் என்றா நினைத்தீர்கள்?

போனை இரண்டு புத்தக அடுக்குக்கு நடுவே ஒரு ஸ்கேல் மேல், திரை மேலேயும் கேமரா கீழேயும் பார்க்கிற மாதிரி வையுங்கள். திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் படம் மினுக்கும். ஃபேனை அணைக்க மறக்காதீர்கள். இருபத்தெட்டாவது படத்தில் என் எலி பறந்து கட்டிலுக்கடியில் போனது, அதைத் தேடிய நேரத்தில் இன்னொரு எலியே வரைந்திருக்கலாம்.

இப்போது வேறு தாள், வலது ஓரத்தில் சுவர், அடியில் பொந்து. எலி நுழைந்ததும் பூனை பின்னால் சாய்ந்து, குதிகாலை ஊன்றி, கண் பிதுங்க வழுக்கி வரட்டும். மோதுவதற்கு முந்தைய படத்தில் உடம்பை ரப்பராக நீட்டி வரையுங்கள், அடுத்த படத்திலேயே சுவரோடு ஒட்டிய ஒரு பட்டை, அதில் இரண்டு கண், மீசை, அவ்வளவுதான். நடுவில் ஒரு படம் போட்டாலும் அடியின் வேகம் போய்விடும். மிச்ச ஐந்து படத்தில் பட்டை கொஞ்சம் தடித்து மெலிந்து அடங்கட்டும்.

அப்புறம் அந்த 18 படம். கையைக் கட்டிக்கொண்டு ஷட்டரை மட்டும் அழுத்துங்கள். கை குறுகுறுக்கும், வாலையாவது ஆட்டலாமே என்று தோன்றும், ஆட்டாதீர்கள். பன்னிரண்டாவது படத்தில் ஒரே ஒரு கண் சிமிட்டல் போதும்.

சுருட்டுவதை அவசரமில்லாமல் எடுங்கள். எலி தலை நீட்டி, பார்த்து, பட்டையைத் தரையில் தள்ளிச் சுருட்டட்டும்.

கடைசியாகச் சத்தம். மோதலுக்குத் தோசைக்கல்லும் கரண்டியும், ஓட்டத்துக்கு நோட்டு மேல் விரல் தாளம். டாமின் அந்தப் பிரபலமான அலறல் ஹன்னாவே கத்தியது, நீங்களும் கதவைச் சாத்திக்கொண்டு கத்தலாம். 18 படத்துக்கு மட்டும் எந்தச் சத்தமும் வேண்டாம். பாய் உள்ளே போன பிறகு வால் நுனி மட்டும் இரண்டு படத்துக்கு வெளியே கிடக்கட்டும், பிறகு ஒரு காகிதத்தைக் கிழித்து அந்தச் சத்தத்தோடு அதையும் சரக்கென்று உள்ளே இழுத்துவிடுங்கள்.