வாட்டம் (சரிவு) இல்லாத தரை: பீர் காய்ச்சும் ஷெட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம், புதிதாகப் பீர் காய்ச்சத் தொடங்கிய நண்பர் ஒருவர் தன் ஷெட்டைக் காட்டக் கூப்பிட்டார். தரை முழுக்கப் பளபளவென்று சாம்பல் நிற எபாக்ஸி என்ற பிசின் பூச்சு. பூசி மூன்று வாரம் ஆகியிருந்தது. "ஒரு சொட்டுத் தண்ணி கீழே இறங்காது" என்றார். ஒரு பக்கெட் தண்ணீரை நடுவில் ஊற்றச் சொன்னேன். ஊற்றினார். தண்ணீர் தட்டையாகப் பரவி, சுவர் ஓரம் வரை போய், அங்கேயே நின்றுவிட்டது. அவர் சொன்னது உண்மைதான், ஒரு சொட்டும் இறங்கவில்லை. ஆனால் வெளியே போகவும் இல்லை. ஏழு வருடத்துக்கு முன்னால் என் ஷெட்டில் நான் பார்த்து நின்ற அதே காட்சி.

சிந்தினால் உடனே துடைக்க வேண்டும், மரத்தரை ஊறும், கம்பளம் விரிக்கக் கூடாது என்பதெல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பணம் போட்ட பிறகு திருத்துவதற்குப் பெரும்பாடு படவேண்டிய தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வாட்டம் விடாமல் தரை போடுவது

இது இன்னும் எனக்கு ஆறவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

20 லிட்டர் பீர் காய்ச்சினால் தரையில் விழுவது அந்த 20 லிட்டரில் சிந்துவது மட்டும் இல்லை. பாத்திரம் கழுவும் தண்ணீர், நொதிகலனை அலசும் தண்ணீர், குளிர்விக்கும் குழாயைக் கழற்றும்போது கொட்டுவது, கிருமிநீக்கிக் கரைசல் என்று அதைப்போலப் பல மடங்கு விழும். கூடவே வோர்ட்டும் இருக்கும். வோர்ட் என்பது மால்ட்டை (முளைகட்டிக் காயவைத்த தானியம்) ஊறவைத்து எடுக்கும், இன்னும் பீராகாத சர்க்கரைத் தண்ணீர். தேங்கினால் புளிக்கும், காய்ந்தால் பிசுபிசுக்கும். எப்படி ஆனாலும் பழ ஈ வந்து சேரும். அந்த ஈயின் காலில் ஒட்டி வரும் அசிட்டிக் அமில பாக்டீரியா பீருக்குள் விழுந்து, அங்கே காற்றும் கிடைத்தால், பீர் வினிகராகிவிடும்.

என் ஷெட்டுக்குத் தளம் போட்டபோது கொத்தனார் நான்கு மூலையிலும் ரசமட்டம் வைத்துக் காட்டினார். குமிழி நடுவிலேயே நின்றது. எவ்வளவு நேர்த்தியான வேலை என்று நானும் மகிழ்ந்தேன். அதன்மேல் நல்ல பூச்சாகத் தேடிப் பூசினேன். முதல் நாள் காய்ச்சி முடித்துக் கழுவியபோது, நொதிகலன் வைத்திருந்த பின்மூலையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் தண்ணீர் தேங்கியது. வைப்பரால் கதவுப் பக்கம் தள்ளினேன். தள்ளியதில் பாதி, நான் வைப்பரைச் சுவரில் சாய்ப்பதற்குள் திரும்பி வந்துவிட்டது. மூன்றாவது வாரம் அந்த மூலையில் புளித்த வாடை. அந்தப் பருவத்தில் காய்ச்சியதில் ஒரு கலன் முழுவதையும் கீழே கொட்டினேன்.

சரிசெய்யப் போனபோதுதான் செலவு புரிந்தது. பூச்சின்மேல் கலவை ஒட்டாது. அதனால் பூச்சு முழுவதையும் அரைத்து எடுத்து, வாட்டம் விட்டு மறுபடி கலவை போட்டு, அதன்மேல் இரண்டாவது முறை பூச வேண்டியிருந்தது. முதல் பூச்சுக்குக் கொடுத்தது அப்படியே போயிற்று.

வாட்டம் 50-க்கு 1 இருந்தால் நல்லது. அதாவது ஒரு மீட்டருக்கு 2 சென்டிமீட்டர், 3 மீட்டர் நீள ஷெட்டுக்கு 6 சென்டிமீட்டர். 6 சென்டிமீட்டர் என்பது கதவு திறக்குமா, நிலைப்படி எவ்வளவு உயரம் என்பதையே மாற்றிவிடும் அளவு. அதனால் கான்கிரீட் போடும் முன்பே வடிகால் எங்கே என்று முடிவு செய்துவிடுங்கள். அறையின் நடுவில் ஒற்றை ஓட்டை வைத்தால் நான்கு பக்கமிருந்தும் தரை சரியும், எந்த ஸ்டாண்டும் ஆடாமல் நிற்காது. ஒரு சுவரை ஒட்டி நீளமாகக் கால்வாய் விட்டு, தரை முழுவதும் அந்த ஒரே பக்கம் சரிவதுதான் எனக்குப் பிடித்தது. ஸ்டாண்டின் இரண்டு கால்களை மட்டும் திருகி உயர்த்தினால் போதும். கழுவுகிற இடம் பள்ளத்தில், நொதிகலன் மேட்டில்.

ஏற்கனவே இருக்கும் தளத்தின்மேல் வாட்டக் கலவை போடுபவர்கள் வடிகால் ஓரத்தைக் கவனியுங்கள். கலவை அங்கே காகிதம் போல மெலிந்தால் பொடிந்து உதிரும். அந்த ஓரத்தில் தளத்தைச் சற்று வெட்டி இறக்கி, கனம் கொடுத்து முடிக்க வேண்டும்.

இன்னொன்று. "தானாகவே சமன் ஆகிவிடும்" என்று சொல்லி விற்கும் பூச்சுகள் இருக்கின்றன. வீட்டுக் கூடத்துக்கு அவை அருமையானவை. இங்கே கனமாக ஊற்றினால் பள்ளத்தில் போய் நிரம்பி, அரும்பாடுபட்டு விட்ட வாட்டத்தைத் தின்றுவிடும். இரண்டாவது முறை பூச வந்தவரும் அதைத்தான் கொண்டுவந்தார். டப்பாவைத் திறக்கும் முன் பார்த்ததால் தப்பித்தேன்.

பூசுவதற்கு முன் பக்கெட்டில் தண்ணீர் ஊற்றுங்கள். பத்து நிமிடம் கழித்து எங்கெல்லாம் நிற்கிறதோ அங்கெல்லாம் சுண்ணக்கட்டியால் வட்டம் போடுங்கள். ஒரு வட்டம்கூட இல்லாத அன்றைக்குப் பூச்சு வாங்கப் போகலாம்.

கொதிக்கிற வோர்ட்டை மறந்து எபாக்ஸி வாங்குவது

சாதாரண எபாக்ஸி பெரும்பாலும் 60 டிகிரி செல்சியஸ் பக்கம் வரும்போதே இளகத் தொடங்கும். மால்ட் ஊற வைக்கும் தண்ணீரே 65 முதல் 68 டிகிரி. வோர்ட் 100 டிகிரியில் கொதிக்கிறது. போதாததற்கு, சூடு பட்டால் எபாக்ஸி கான்கிரீட்டைவிடப் பல மடங்கு விரியும். கொதிநீர், உடனே குளிர்ந்த நீர் என்று மாறி மாறிப் பட்டால் பிடிப்பு விட்டுப்போகும். எனக்குத் தெரிந்த ஒருவர் கொதிகலனின் வால்வை மூட மறந்தார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கொப்புளம் வெளுத்து எழும்பியது. நகத்தால் கிள்ளியதும் தோல் போல உரிந்து வந்தது.

பெரிய ஆலைகள் பாலியூரித்தேன் சிமென்ட் போடுவது இதனால்தான். அது விரிவதும் சுருங்குவதும் கான்கிரீட்டோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகும். 6 மில்லிமீட்டர் கனம் பெரும்பாலும் 80 டிகிரி பக்கம் வரைதான் தாங்கும். கொதிக்கிற வோர்ட் கொட்டக்கூடிய இடத்துக்கும், நீராவியால் கழுவுகிறவர்களுக்கும் 9 மில்லிமீட்டர் வேண்டும். முழு ஷெட்டுக்கும் போடக் கட்டுப்படி ஆகாவிட்டால், அடுப்பும் கொதிகலனும் நிற்கும் பகுதிக்கு மட்டுமாவது போடுங்கள்.

அடியிலிருந்து வரும் ஈரத்தைப் பார்க்காமல் பூசுவது

மண்ணின் ஈரம் கான்கிரீட் வழியாக மேலே ஏறும். மேலே மூடிவிட்டால் போக வழியில்லாமல் பூச்சையே தூக்கும். சோதிப்பது சுலபம். 45 சென்டிமீட்டர் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். எடுத்துப் பார்க்கும்போது தாளின் அடியில் நீர்த்துளி இருந்தாலோ, அந்த இடம் மட்டும் கறுத்திருந்தாலோ பூச வேண்டாம். புதுத் தளம் என்றால் 28 நாளாவது ஆகட்டும், ஆன பிறகும் இந்தச் சோதனை உண்டு. மேலே படிந்து இறுகிய சிமென்ட் பாலையும் அரைத்து எடுத்துவிடுங்கள். பூச்சு அதைப் பிடித்துக்கொண்டு நின்றால் இரண்டும் சேர்ந்தே உரியும்.

டைல் இடுக்கில் சிமென்ட் கிரவுட்

டைல் நல்ல தேர்வுதான். இடுக்கை அடைக்கும் கலவையான கிரவுட்தான் பிரச்சினை. நாம் பயன்படுத்தும் கிருமிநீக்கிகளில் பல, பாஸ்பாரிக் அமிலத்தில் செய்தவை. பீரே புளிப்பானது. புளித்த வோர்ட் இன்னும் மோசம். இவை எல்லாமே சிமென்ட்டை மெதுவாக அரிக்கும். இடுக்கு குழிந்து, குழியில் சர்க்கரை தங்கி, கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். வெப்பம் தாங்கும் வகை எபாக்ஸி கிரவுட் கேட்டு வாங்குங்கள்.

'வாட்டர்ப்ரூஃப்' வினைல் பலகை

வேண்டாம். பலகை நனையாது. இணைப்பு வழியாக இறங்கும் வோர்ட் அடியில் கிடந்து நாறும்.

சுவர் ஓரத்தைச் செங்குத்தாக விடுவது

அந்த மூலைக்குள் எந்த பிரஷும் போகாது. பூச்சை வளைவாகச் சுவரில் 10 சென்டிமீட்டராவது ஏற்றுங்கள்.

வழுக்கும் பூச்சு

கையில் கொதிகலனோடு சறுக்கினால் உடம்பு வெந்துவிடும். பூச்சு ஈரமாக இருக்கும்போதே நைஸான குவார்ட்ஸ் மணலைத் தூவி, மேலே ஒரு கை பூசச் சொல்லுங்கள். ரொம்பவும் சொரசொரப்பாக்கினால் அழுக்கு போகாது. சின்னத் துண்டில் செய்து வாங்கி, சோப்புத் தண்ணீர் ஊற்றிக் காலால் தேய்த்துப் பார்த்த பிறகு சரி என்று சொல்லுங்கள்.

டிராப் இல்லாத வடிகால்

டிராப் என்பது தண்ணீரைத் தேக்கி வைத்து வாடையை அடைக்கும் குழாய் வளைவு. அது இல்லாவிட்டால் சாக்கடை வாடையும் ஈயும் வடிகால் வழியாகத்தான் வரும். டிராப் இருந்தாலும் சில வாரம் காய்ச்சாமல் விட்டால் அதிலுள்ள தண்ணீர் வற்றிவிடும், ஒரு செம்பு ஊற்றி வையுங்கள்.